எரியாத திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று கை நீட்ட வேண்டும். டாக்டரோ, நர்ஸோ, தரை துடைப்பவரோ, யாருக்கும் விலக்கு கிடையாது. கிருமித் தடுப்புப் பிரிவின் தலைமை நர்ஸ் ஒரு பெரிய பம்ப் பாட்டிலோடு வருவார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்குக் கண்ணாடி சிஸ்டர் என்று பெயர். நீட்டிய கைகளில் ஸ்பிரிட் கலந்த கைமருந்தை இரண்டு அழுத்து அழுத்துவார். அதை விரல் இடுக்கு, முட்டி, புறங்கை என்று ஓர் இடம் விடாமல் பூசிக்கொள்ள வேண்டும். பூசும்போது அவர் கையைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்ப்பார்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால்கூட ஸ்பிரிட் பட்டதும் சுரீர் என்று எரியும். எரிந்தால் முகம் சுளிக்கும். முகம் சுளித்தவர் அந்த வாரம் உள்ளே போக முடியாது. வெடித்த தோலில் கிருமி குடியேறும், கிருமி குடியேறிய கையை யாருடைய திறந்த வயிற்றுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடி சிஸ்டர் இந்தச் சோதனையைத் தானே கண்டுபிடித்தார், அதில் அவருக்கு அபார நம்பிக்கை. முகம் பொய் சொல்லாது என்பார்.

அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும், கல்லுவைத் தவிர.

கல்லு என்பது வைத்த பெயரல்ல, வந்து ஒட்டிக்கொண்ட பெயர். பத்தொன்பது வருடமாகப் பெரிய டாக்டரின் வலது பக்கம் நின்று கத்தி, கத்தரி, ஊசி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பவள். ஒருமுறை ஆபரேஷன் பாதியில் மின்சாரம் போய் எல்லோரும் கூச்சல் போட்டபோது, இருட்டிலேயே சரியான இடுக்கியை டாக்டரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்ததையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். விளக்கு வந்ததும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்றிலிருந்து கல்லு. டாக்டர் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே கருவி அவர் கையில் இருக்கும். அப்படிப்பட்ட வேலைக்காரியைப் பார்ப்பதே ஒரு சுகம்.

அந்தக் கைகள்தான் இப்போது வெடித்திருந்தன. விரல் முட்டிகளில் கோடு கோடாக, விரல் இடுக்குகளில் செதில் செதிலாக. மூன்று திங்கட்கிழமைகள் கண்ணாடி சிஸ்டர் மருந்தை அழுத்தினார். மூன்று முறையும் கைகளில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கல்லு பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். கண்ணாடி சிஸ்டர் "போங்க" என்றார். போனாள்.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கிருமியைப் பற்றி வருடா வருடம் புது நர்ஸ்களுக்கு வகுப்பு எடுப்பவளே அவள்தான். ஆனாலும் அந்த மேஜைப் பக்கத்தில் தன் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இரண்டு கையுறை போடுகிறேனே, வெளியே என்ன போகப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த மூன்றாவது வாரத்திலேயே ஒரு பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கையுறையைக் கழற்றினாள். வெளிக் கையுறை முழுசாக இருந்தது. உள் கையுறையின் உட்புறத்தில், முட்டி இருக்கும் இடத்தில், சிவப்பாக ஓர் இழை. பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று தன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

"சிஸ்டர், இது பேஷன்ட் ரத்தமா, உங்க ரத்தமா?"

பேஷன்ட் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"என்னோடது டாக்டர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "முதல்ல கையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நோயாளி ஒரு குறையுமில்லாமல் நாலாம் நாள் வீட்டுக்கு நடந்து போனார் என்பதைக் கேட்ட பிறகுதான் கல்லுவுக்குச் சோறு இறங்கியது.

அலுவலகத்தில் ஆறு வாரம் கொடுத்தார்கள். அதுவரை வாசலில் டோக்கன் கவுன்ட்டர். ஆறாவது வார முடிவில் திங்கட்கிழமை சோதனைக்கு வர வேண்டும். கை மூடியிருந்தால் தியேட்டர். மூடாவிட்டால் ஓய்வு பெறும்வரை டோக்கன்.

தோல் டாக்டர் ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். செராமைடு என்று ஏதோ போட்டிருந்தது. தினம் நாலு வேளை தடவச் சொன்னார். அந்தப் பெயரைப் படித்ததும் கல்லுவுக்கு, அதை அடிக்கடி சொல்லும் மாடி வீட்டு நாத்தனார் நினைவு வந்தது.

நாத்தனாருக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான். தோல் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. தோல் வழியாக எவ்வளவு தண்ணீர் கசிகிறது என்று மெஷின் வைத்து அளப்பாள். கல்லுவின் கணவர் தன் தங்கையை 'எங்க வீட்டு பிளம்பர்' என்று கேலி செய்வார். கல்லு கேலிகூடச் செய்ததில்லை. உயிர் போகும் வேலை, உயிர் வரும் வேலை என்று இரண்டைத்தான் அவள் வேலையாக மதித்தாள். தண்ணீர் கசிவதை அளப்பதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவள் எண்ணம். அண்ணியும் நாத்தனாரும் பத்தொன்பது வருடத்தில் சண்டை போட்டதுமில்லை, ஒட்டிக்கொண்டதுமில்லை.

கல்லு கையைக் காட்டியதும், சனிக்கிழமை காலை பாப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனைக் கூடத்தில் தன் அறையில் உட்காரவைத்தாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. மின்விசிறி கிடையாது. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது.

"முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க அண்ணி. பேசலாம். கையை ஆட்டாதீங்க."

"எதுக்கு அரை மணி?"

"மாடிப்படி ஏறி வந்திருக்கீங்க. வேர்வை இருந்தா மெஷின் அதையும் சேத்து அளந்துடும். எனக்கு வேர்வை வேண்டாம். தோலு நம்மளக் கேக்காம விடற தண்ணி மட்டும் வேணும்."

அந்தக் கறார் கல்லுவுக்குப் பிடித்திருந்தது. கையை ஆட்டாமல் உட்கார்ந்தாள்.

அரை மணி கழித்து, பேனா மாதிரி ஒரு கருவியின் குழல் நுனியைப் பாப்பா அவள் புறங்கையில் வைத்தாள். திரையில் எண் ஓடி, தள்ளாடி, நின்றது. முப்பத்தெட்டு.

"ரொம்பவா?"

"உங்க கைக்கு பத்துக்குள்ள இருக்கணும். நாலு மடங்கு கசியுது."

"இவ்வளவுக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது அண்ணி. அது தான் தோலோட பெருமை." பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் வேலையைப் பற்றிக் கேட்க இந்த வீட்டில் ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவள் குரலிலேயே தெரிந்தது. "உடம்புல பாதிக்கு மேல தண்ணி. வெளியில காத்து எப்பப் பாத்தாலும் உறிஞ்சறதுக்கு நிக்குது. நடுவுல என்ன இருக்கு தெரியுமா? காகிதத்தை விட மெலிசா ஒரு மேல்தோல். அதுவும் செத்த செல்லு. பதினஞ்சு இருபது அடுக்கு, தட்டையா."

"செத்தது எப்படித் தடுக்கும்?"

"செங்கல்லு உயிரோடயா இருக்கு? சுவர் நிக்கலையா? நடுவுல இருக்கற சாந்து தான் விஷயம். முழுக்க முழுக்கக் கொழுப்பு. அதுல பாதி செராமைடு. மீதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும்."

"கொலஸ்ட்ராலா? உங்கண்ணன் மாத்திரை முழுங்கறாரே, அதுவா?"

"அதே தான். ரத்தத்துல சண்டி, தோல்ல நல்ல பிள்ளை. இந்த மூணும் சேந்து தாள் தாளா அடுக்கிக்கும். தண்ணி உள்ளேருந்து வெளிய போகணும்னா ஒவ்வொரு தாளையும் சுத்திச் சுத்தி வழி தேடணும். கிருமி உள்ள வரணும்னாலும் அதே கதி. நீங்க பத்தொன்பது வருஷமா பிரஷ்ஷும் சோப்பும் போட்டு அந்தச் சாந்தைத் தேய்ச்சு எடுத்திருக்கீங்க. அதுவும் விடாம, ராப்பகலா திருப்பிப் பூசிட்டே இருந்திருக்கு. இப்பத்தான் அதால முடியலை."

கல்லு தன் கையைப் பார்த்தாள். கை என்பது அவளுக்குக் கழுவ வேண்டிய ஒரு பொருள். அது இத்தனை வருடமாக எதிர்த்து வேலை செய்துகொண்டிருந்தது என்பது புதுச் செய்தி. எதிர்த்தா, அவளுக்காகவா என்றும் யோசித்தாள்.

"இந்த கிரீம்ல அந்த மூணு கொழுப்பும் சரியான அளவுல இருக்கு. நாங்க சோதிச்சது. நாலு வேளை போடுங்க. ரெண்டே வாரத்துல நம்பர் இறங்கும். நான் உத்தரவாதம்" என்றாள் பாப்பா.

கல்லுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் கடிகாரம் தோற்றுப்போகும். காலை ஆறு, பத்து, இரண்டு, மாலை ஆறு. டோக்கன் கவுன்ட்டரில் மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிரீம் டியூப் இருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்பதைவிட, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு செய்தார் என்பது சரி.

ஒரு வாரம் கழித்து அளந்தார்கள். முப்பத்தொன்பது. இரண்டு வாரம் கழித்து அளந்தார்கள். நாற்பத்தொன்று.

உத்தரவாதம் கொடுத்த பாப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வீட்டுக்கு வந்ததும் படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. நீங்க கிரீமே போடறதில்ல."

"நாலு வேளை போடறேன்."

"போட்டா இறங்கியிருக்கும்."

"அப்போ உன் கிரீம் சரியில்ல. இல்லன்னா உன் மெஷின் சரியில்ல."

மெஷினைச் சொன்னதும் பாப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்த கணவர், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுப்படியில் நின்றார்.

"பாப்பா, அவ போடறதை நான் தினம் பாக்கறேன். ஒரு வேளை தவறினதில்ல. ரொம்பச் சுத்தமாப் போடறா."

"நீ சும்மா இருண்ணா!" என்றாள் தங்கை. "நீங்க உள்ள போங்க" என்றாள் மனைவி. அவர் மறுபடியும் தட்டுகளிடம் போனார். அவற்றுக்காவது குரல் கிடையாது.

அன்று கல்லு சாப்பிடும்போது தன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு வாரம் மீதி. முந்தின நாள் மதியம் கவுன்ட்டருக்கு எதிரே லிஃப்ட் திறந்தபோது, தன் இடத்தில் நிற்கும் புது நர்ஸ் பச்சை உடையில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருந்தாள். நல்ல பெண். அவளுக்கு வகுப்பு எடுத்ததே கல்லுதான். அந்த நல்ல பெண் மேல் வந்த பொறாமையை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பாப்பா கீழே இறங்கி வந்தாள். அவளுக்கும் தூக்கம் வந்திருக்காது போல.

"வாங்க அண்ணி. மெஷின் மேல தானே சந்தேகம்? என் கையை உங்க கண்ணு முன்னாடி அளந்து காட்டறேன். என் கை நல்லா இருக்கற கை. அதுலயும் தப்பா வந்தா மெஷின் மேல தப்பு. சரியா வந்தா உங்க மேல தப்பு."

அறையில் இருவரும் அரை மணி நேரம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பாப்பா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் பட்டனை அழுத்தணும். நீங்களே அந்தக் குழலை எடுத்து என் முன்கையில வைங்க" என்று இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

கல்லு எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து தட்டையான ஒரு ஸ்டீல் டப்பாவை எடுத்தாள். அதிலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை எடுத்து, நாத்தனாரின் முன்கையில் நடுவில் வைத்து, உள்ளிருந்து வெளியாக வட்டம் வட்டமாக, அழுத்தி, மூன்று முறை துடைத்தாள்.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"துடைக்கறேன்."

"எதுக்கு?"

"தோல் மேல ஒண்ணு வைக்கறதுக்கு முன்னாடி துடைக்க வேண்டாமா? என்ன கேள்வி இது?"

பாப்பா மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள். டப்பாவைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்ல... கிரீம் போடறதுக்கு முன்னாடி?"

"துடைச்சிட்டுத் தான் போடுவேன். அழுக்குக் கை மேலயா மருந்து போடுவாங்க?"

"ஸ்பிரிட்டாலயா?"

"பின்ன, பன்னீராலயா?"

"நாலு வேளையும்?"

"நாலு வேளையும்."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றாள் கல்லு. அதில் கள்ளமே இல்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்வார்களா? ஊசி போடும் முன் துடைப்பது, தையல் போடும் முன் துடைப்பது, கட்டுப் பிரிக்கும் முன் துடைப்பது. பத்தொன்பது வருடத்தில் துடைக்காமல் ஒரு தோலையும் அவள் தொட்டதில்லை. அவள் கணவர்கூடத் தினம் பார்த்துவிட்டுச் சுத்தமாகப் போடுகிறாள் என்றுதானே சாட்சி சொன்னார்! ஸ்பிரிட் வாசனைதான் அந்த வீட்டின் வாசனை.

பாப்பா முதலில் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வெடிச்ச கையில ஸ்பிரிட். நாலு வேளை. எரியலையா அண்ணி?"

"எரியும். எரிஞ்சா தான் சுத்தமாச்சுன்னு அர்த்தம்."

"எரிஞ்சா சுவர் திறந்து கிடக்குன்னு அர்த்தம். கொழுப்பை ஸ்பிரிட் கரைச்சிடும். நீங்க அதுவும் பஞ்சுல தேய்ச்சு வழிச்சு எடுத்துட்டீங்க. ஆஸ்பத்திரியில கையில பூசிக்கற மருந்து வேற. அதுல ஈரம் காக்கறதுக்கு சாமான் கலந்திருக்கு. அதைப் பூசிட்டு விட்டுடறோம், துடைச்சு எடுக்கறதில்ல. நீங்க என்னடான்னா தோலு நாலு மணி நேரம் கஷ்டப்பட்டுப் பூசினதை, நாலு வேளை சுரண்டி எடுத்துட்டு அதுக்கு மேல மருந்து வெச்சிருக்கீங்க."

கல்லு பஞ்சை டப்பாவுக்குள் திரும்ப வைத்தாள். திட்டு வாங்கியதுகூடப் பெரிதில்லை. இரண்டு வாரம், ஆறில் இரண்டு வாரம், தன் கையால் தானே துடைத்துப் போட்டுவிட்டேனே என்றுதான் அவளுக்கு இருந்தது.

"இருங்க, ஒண்ணு காட்டறேன்" என்றாள் பாப்பா.

தன் முன்கையில் அண்ணி துடைக்காத வேறு ஓர் இடத்தை அளந்தாள். எட்டு. பிறகு அதே இடத்தைக் தோல் சிவக்கிற மாதிரி ஸ்பிரிட் பஞ்சால் தேய் தேய் என்று தேய்த்தாள். நன்றாகக் காயும்வரை காத்திருந்தாள். அளந்தாள். பதினாறு.

"வலிக்கலையா உனக்கு?"

"உங்க நாத்தனார் தானே" என்றாள் பாப்பா.

அன்று இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். பதினைந்து. பதினான்கு. பதின்மூன்று. நடுவில் கணவர் டிபன் டப்பாவோடு வந்தார். இரண்டு பெண்களும் ஒரு கையைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு விடாமல் திரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலை ஐந்து மணிக்குப் பதினொன்று.

யாரும் எதுவும் தடவவில்லை. யாரும் தைக்கவில்லை. உடைந்தது என்று யார் போய்ச் சொன்னார்கள் அதற்கு? கீழ் அடுக்கில் உயிரோடு இருக்கும் செல்கள், சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொழுப்பைக் கட்டி வைத்திருந்து, மேலே ஓட்டை விழுந்த உடனே அவிழ்த்து அனுப்புகின்றன என்று பாப்பா சொன்னாள். அனுப்பிவிட்டு அந்தச் செல்களே மேலே ஏறி வந்து, தட்டையாகி, செத்து, சுவரில் ஒரு கல்லாக நின்றுகொள்கின்றன என்றும் சொன்னாள். நாலு வாரத்தில் சுவரே புதுசு.

கல்லுவின் நெஞ்சு நிறைந்துபோனது. அவள் பெரிய டாக்டரின் கைகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவள். அவர் வெட்டி, ஒட்டி, தைத்துக் கொடுத்த எத்தனை வயிறுகள்! ஆனால் அவர் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். சேர்ந்துகொண்டது யார்? பத்தொன்பது வருடம் தினமும் தோல் என்ற அந்த வேலைக்காரியை அயோடின் பூசி மூடி, துணி போர்த்தி, வெட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒருமுறைகூட நன்றாகப் பார்த்ததில்லை. சம்பளம் கேட்காத, லீவு போடாத, செத்த பிறகும் நின்று காவல் காக்கிற வேலைக்காரி. தன்னைவிடக் கல்லு முகம் அதற்கு.

"பாப்பா."

"சொல்லுங்க."

"உன் வேலை பெரிய வேலை."

பாப்பா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மீதி நாலு வாரம் கல்லுவுக்குத் தவம். துடைக்காமல் கிரீம் போட வேண்டும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவளை வாட்டி எடுத்தது. கிரீம் போட்ட கை வழவழவென்று இருந்தது. வழவழப்பு என்றால் அழுக்கு என்று பத்தொன்பது வருட மனசு கூவியது. கை தானாக டப்பாவைத் தேடும். முதல் நாள் மூன்று முறை கைப்பையைத் திறந்தாள். மூன்றாம் முறை உள்ளே டப்பா இல்லை. கணவர் எடுத்து ஒளித்துவிட்டிருந்தார்.

"எங்க வெச்சீங்க?"

"சொன்னா நீ எடுப்ப."

"எடுக்க மாட்டேன். எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"குடிகாரன் பேசற மாதிரியே இருக்கு" என்றார் அவர். கல்லு சிரித்துவிட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

முப்பத்தொன்று. இருபத்திரண்டு. பதினான்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பாப்பா எண்ணைச் சொல்ல, கல்லு முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முட்டியின் கோடுகள் முதலில் வெளிறின, பிறகு மெலிந்தன, ஒரு நாள் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. கடைசி சனிக்கிழமை ஒன்பது. பாப்பா அந்த எண்ணை ஒரு தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"இதைக் காட்டுங்க."

"அவங்க தாளை நம்ப மாட்டாங்க. மூஞ்சியத் தான் நம்புவாங்க" என்றாள் கல்லு.

திங்கட்கிழமை ஏழரை மணி. வரிசையில் கடைசியாக நின்றாள். பெரிய டாக்டர் தன் சோதனையை முடித்துக்கொண்டும் போகாமல் சுவரோரம் நின்றிருந்தார். கண்ணாடி சிஸ்டர் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவர் மாதிரி அவள் முகத்துக்கு அருகே தன் முகத்தைக் கொண்டுவந்து, பாட்டிலை இரண்டு அழுத்து அழுத்தினார்.

சில்லென்று இருந்தது. கல்லு பூசினாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, முட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு எரிச்சலுக்குக் காத்திருந்தாள். இதோ வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். மருந்து காற்றோடு போய்விட்டது. எரிச்சல் வரவில்லை.

கை சும்மா இருந்தது. ஒரு கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இருந்தது. ஆறு வாரமாக உள்ளே யாரும் பார்க்காமல் பூசிக்கொண்டே இருந்த அந்த வேலைக்காரியை நினைத்தாள். அவ்வளவுதான், கண்கள் இரண்டும் நிறைந்து வழிந்துவிட்டன.

வரிசையே திரும்பிப் பார்த்தது. கல்லு அழுவதை யார் கண்டது?

"பாத்தீங்களா டாக்டர், கல்லுக்கே கண்ணு கலங்குது" என்றார் கண்ணாடி சிஸ்டர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "அப்படி எரியுது. பாவம், இன்னும் மூடல." நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

கல்லு கைப்பையில் இருந்த தாளை எடுக்கவில்லை.

"எரியல சிஸ்டர்."

"கண்ணுல தண்ணி வருதேம்மா."

"எரியாததால தான் வருது." கைகளை அவர் முன் நீட்டினாள். "இதுக்கு முன்னாடி மூணு திங்கட்கிழமை எரிஞ்சுது. உயிர் போற மாதிரி எரிஞ்சுது. அன்னைக்கெல்லாம் நான் மூஞ்சியில காட்டல. நீங்க என்னை உள்ள விட்டீங்க. நான் போயிருக்கக் கூடாது. அது பெரிய தப்பு, எழுதிக்கோங்க. ஆனா இன்னைக்கு எரியல."

கண்ணாடி சிஸ்டரின் பேனா அப்படியே நின்றது. தான் கண்டுபிடித்த சோதனை மூன்று முறை தோற்றதை அவர் அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டார். பெரிய டாக்டர் சுவரை விட்டு நகர்ந்து வந்தார்.

"நான் ஒரு தடவை இவங்ககிட்ட கேள்வி கேட்டேன். பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். சொல்லல. கையைப் பாருங்க சிஸ்டர். முகத்தை விடுங்க."

கண்ணாடி சிஸ்டர் அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து விரல் விரலாக, இடுக்கு இடுக்காகப் பார்த்தார். கடைசியில் தன் கட்டை விரலால் அவள் முட்டியை ஒருமுறை தடவினார். பிறகு நோட்டில் இரண்டு வரி எழுதினார். முதல் வரி கல்லுவின் தப்பு. இரண்டாவது வரி அனுமதி.

"இனிமே கையப் பாக்கணும்னு எனக்கும் புத்தி வந்துது. போங்க" என்றார்.

எட்டரை மணிக்குக் குடல்வால் ஆபரேஷன். கல்லு பிரஷ்ஷைத் தொடாமல், மென்மையாகக் கைகழுவி, மருந்து பூசிக் காயவிட்டு, தன் இடத்தில் போய் நின்றாள். மேஜையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் வயிறு. அயோடின் பூசுவதற்கு முன் அந்தத் தோலை அவள் ஒரு நொடி பார்த்தாள். மயிர்க்கால்கள், ஒரு சின்ன மச்சம், பிரசவக் கோடுகள். மன்னித்துக்கொள், வேறு வழியில்லை என்று மனசுக்குள் சொல்லிவிட்டுப் பூசினாள்.

கத்தி, இடுக்கி, கத்தரி, ஊசி. டாக்டர் கேட்பதற்கு முன்பே எல்லாம் அவர் கையில் இருந்தன. கடைசித் தையலைப் போட்டு நூலை வெட்டியதும் அவர் வழக்கம்போல, "முடிஞ்சுது" என்றார்.

பத்தொன்பது வருடமாக அதற்கு அவள் "முடிஞ்சுது டாக்டர்" என்று திருப்பிச் சொல்வதுதான் வழக்கம்.

"நம்ம பங்கு முடிஞ்சுது டாக்டர்" என்றாள் கல்லு.

அவர் முகமூடிக்கு மேலே அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, தான் தைத்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றார்.